திண்ணை உண்டு, அடுக்களைச் சாவி இல்லை!

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது எலவனாசூர்கோட்டை. இப்படிச் சாலையோர ஊர்களில் அந்தக் காலத்து வீடுகளுக்குத் திண்ணை உண்டு. வழிப்போக்கர் அதில் படுக்கலாம். தண்ணீர் கேட்டுக் குடிக்கலாம். ஆனால் அடுக்களைக்குள் போக முடியாது!

இதே ஏற்பாடு கம்ப்யூட்டருக்கும் வேண்டியிருக்கிறது.

டெலிபோனில் வந்த விருந்தாளி

1978-ம் ஆண்டு பிப்ரவரி 16-ந் தேதி. அமெரிக்காவில் சிகாகோ நகரைச் சேர்ந்த வார்டு கிறிஸ்டன்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் ஒரு கம்ப்யூட்டரை அறிவிப்புப் பலகை ஆக்கினார்கள். மற்றவர்கள் டெலிபோன் மூலம் அதனுடன் தொடர்பு கொண்டு செய்தி எழுதினார்கள். பிறர் எழுதியதைப் படித்தார்கள்.

நம் நாட்டில் 1995-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி, விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்து விட்டது. சென்னைக்கும் அது கிடைத்தது. கட்டணம் குறைந்த கணக்குக்கு "ஷெல் கணக்கு" என்று பெயர். திரையில் படம் வராது. எழுத்து மட்டுமே வரும். வீட்டில் தட்டும் கட்டளை, நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் நிறைவேறும்.

ஒரே கம்ப்யூட்டருக்குள் பலருடைய கடிதங்கள்! காவல் இல்லாவிட்டால் ஒருவர் கடிதத்தை இன்னொருவர் படிக்கலாம். அழிக்கவும் செய்யலாம்.

நான்கு பூட்டு

நாம் தட்டும் கட்டளையை வாங்கி நிறைவேற்றுவதுதான் ஷெல். அதில் "கட்டுப்பட்ட ஷெல்" என்று ஒரு வகை உண்டு. அதற்குள் வருகிறவர் தமக்கு விட்ட அறையைத் தாண்ட முடியாது. வேறு இடத்திலுள்ள கட்டளையை வழி சொல்லி அழைக்க முடியாது. கட்டளைகளைத் தேடும் இடத்தை மாற்ற முடியாது. கட்டளையின் விடையைக் கோப்பில் கொட்ட முடியாது.

புறவாசல் ஜாக்கிரதை!

இத்தோடு ஆபத்து நீங்கியதா? இல்லை.

கடிதம் எழுத "வி.ஐ." என்ற கருவியைக் கொடுக்கிறோம் என்று வையுங்கள். அதற்குள் இருந்தபடியே கட்டுப்பாடில்லாத புது ஷெல்லைத் திறந்துவிடலாம்! முன்வாசலைப் பூட்டிவிட்டுப் புறவாசலைத் திறந்து வைத்த கதைதான். ஆகவே, கொடுக்கும் ஒவ்வொரு கருவியையும் சோதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இரு நிபுணர்கள் 1975-ம் ஆண்டிலேயே இதற்கு நெறி வகுத்தார்கள். எதைத் தடுப்பது என்று பட்டியல் போட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். எது தேவையோ அதை மட்டும் கொடு. மற்றதெல்லாம் பூட்டியே இருக்கட்டும் என்பதே அந்த நெறி.

பள்ளியிலோ அலுவலகத்திலோ பலர் ஒரே கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினால் இன்றும் இது பொருந்தும். விருந்தாளிக்குத் திண்ணை கொடுங்கள். சாவிக்கொத்து உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்!