40 வளைவு தாண்டி ஒரு வீடு!

செமஸ்டர் லீவுக்கு என்ன பிளான்? 'கோவா போறோம் மச்சி'ன்னு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சு, மூணு வருஷமா ஒரு தடவைகூடப் போகாத கோஷ்டியா நீங்க? அப்ப நீங்க நம்ம ஆளு! எங்க குரூப் பேரே 'கோவா கன்ஃபர்ம்'தான்.

ஆறாவது செமஸ்டர் கடைசி பரீட்சை முடிஞ்ச அன்னிக்கு நாலு பேர் பாக்கெட்டையும் கவிழ்த்துப் பார்த்தோம். கோவா என்ன, கொடைக்கானலே கஷ்டம்னு தெரிஞ்சது. அப்ப உதிச்சதுதான் அந்த மெகா ஐடியா. ஆளுக்கு ஒரு ராத்திரின்னு ஃப்ரெண்ட்ஸ் வீடுகளுக்கே போனா என்ன? ரூம் வாடகை மிச்சம், அம்மா கைச் சாப்பாடு, போக வர கவர்ன்மென்ட் பஸ்!

எங்க ஹாஸ்டல்ல யாருக்கும் சொந்தப் பேர் கிடையாது. ஊர்தான் பேர். கரூர், பொள்ளாச்சி, வால்பாறை, அப்புறம் திருச்சியாகிய நான். ரூட் தானா அமைஞ்சிடுச்சு. ஆனா, வால்பாறை மட்டும் நெளிஞ்சான். "எங்க வீட்டுக்கு வேணாம்டா. மழை, அட்டை, யானை..."ன்னு இழுத்தான். "ஹில் ஸ்டேஷன்ல பங்களா வெச்சுக்கிட்டு எங்களைக் கூப்பிட மாட்டியா?"ன்னு கலாய்ச்சோம். மூணு வருஷமா இதே ஜோக்தான். ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில தேவைப்படும்.

காவிரி டு காற்றாலை

திருச்சியில இருந்து கரூர் போறீங்களா? வலது பக்க ஜன்னல் சீட்டைப் பிடிங்க. குளித்தலை வரைக்கும் காவிரியும் வாழைத் தோப்புமா கண்ணாமூச்சி ஆடிக்கிட்டே வரும். கரூர்ல தடுக்கி விழுந்தா போர்வை மேலதான் விழணும். நண்பனோட அப்பா வேலை பார்க்கிறதும் ஏற்றுமதி கம்பெனியில்தான். எங்களுக்குக் கிடைச்சது 'எக்ஸ்போர்ட் ரிஜெக்ட்' போர்வை. "நம்மளை மாதிரியே ரிஜெக்ட்டுடா"ன்னு சொல்லிட்டு சுகமா தூங்கினோம்.

அடுத்த நாள் தாராபுரம், உடுமலை வழியா பொள்ளாச்சி. ஜூன் மாசக் காத்து ஜன்னல் வழியா கன்னத்துல அறையுது. ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் ராட்சசக் காற்றாலைகள். மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டுப் பக்கம் ஒரு பெரிய இடைவெளி இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அந்தச் சந்துக்குள்ள புகுந்து வேகமெடுத்து இந்தப் பக்கம் பாயுது. ரெண்டு மார்க் கேள்வியா மனப்பாடம் பண்ண சமாசாரத்தை, தலைமுடி பறக்கப் பறக்கப் புரிஞ்சுக்கிட்டேன்.

பொள்ளாச்சியில இளநீரும், அரிசியும்பருப்புஞ்சாதமும்! "இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங் கண்ணு"ன்னு பாட்டி சொன்னதுல மூணு தட்டு காலி.

மேலே... மேலே...

பொள்ளாச்சியில இருந்து வால்பாறை சுமார் 64 கிலோமீட்டர். ஆழியாறு தாண்டினதும் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பம். மொத்தம் 40! ஒவ்வொண்ணுக்கும் நம்பர் போட்டு வெச்சிருக்காங்க. 9வது வளைவுல லோம்ஸ் காட்சிமுனை. கீழே ஆழியாறு அணை நீலத் துணியை விரிச்ச மாதிரி கிடக்கு. பாறைமேல சர்வசாதாரணமா நிக்குது வரையாடு. நம்ம மாநில விலங்குங்க அது! அதுக்கு மேல மூடுபனி, அப்புறம் கண்ணுக்கெட்டின தூரம் தேயிலை. பொள்ளாச்சிக்காரன் மட்டும் எதையும் பார்க்கலை. 17வது வளைவுல இருந்தே பிளாஸ்டிக் கவரும் கையுமா இருந்தான். சொந்த ஊர் மலைக்கே இந்தக் கதி!

பங்களா எங்கே?

எஸ்டேட் ஸ்டாப்ல இறங்கி, மழையில நடந்து போனா... வரிசையா ஒட்டிக்கட்டின லைன் வீடுகள். அதுல ஒண்ணுதான் அவன் வீடு. முன்னால ஒரு ரூம், பின்னால ஒரு சமையல்கட்டு. அவ்வளவுதான். எங்க முகத்தைப் பார்க்காம, "ஷூவை உள்ளயே வைங்கடா, நனைஞ்சிடும்"னான்.

"வாங்க தம்பிங்களா"ன்னு அவங்க அம்மா டீ கொடுத்தாங்க. கொழுந்து பறிச்சுப் பறிச்சு விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. அன்னிக்கு ஒருநாள் கூலியை விட்டுட்டு எங்களுக்காக வீட்டுல இருந்திருக்காங்க. எனக்கு டீ தொண்டையில இறங்கலை.

ராத்திரி தூரத்துல ஒரு சிவப்பு விளக்கு மின்னிச்சு. "பக்கத்துல யானை இருக்கு, யாரும் வெளிய போகாதீங்க"ன்னான். 2011ல இருந்து இங்க யானை நடமாட்டத்தைச் சொல்ல இப்படி விளக்கும், செல்போன் தகவலும் இருக்கு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து அதையே பார்த்துக்கிட்டிருந்தப்பதான் அவன் மெதுவா பேசினான்.

"அம்மா ரிட்டையர் ஆக இன்னும் ரெண்டு வருஷம்டா. ஆனதும் வீட்டை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுத்துடணும். பொறந்து வளர்ந்த ஊர்ல எங்களுக்குன்னு ஒரு சென்ட் இடம் கிடையாது. அதுக்குள்ள எனக்கு வேலை கிடைக்கணும்."

பங்க் அடிக்காம, சினிமாவுக்கு வராம, லைப்ரரியே கதின்னு கிடந்தவனுக்கு நாங்க வெச்ச இன்னொரு பேர் 'படிப்ஸ்'. அந்தப் பேரும், பங்களா ஜோக்கும் அந்த ஜன்னலோரம் சேர்ந்து வந்து குத்திச்சு. 'ஸாரி'ன்னு சொல்ல வாய் வரலை. கரூர்தான் தன் போர்வையை அவன்மேல போத்திவிட்டு, "ப்ளேஸ்மென்ட்டுக்கு நாலு பேரும் சேர்ந்தே படிப்போம்டா. எனக்கும் சொல்லிக்கொடு"ன்னான். அவன் சிரிச்சான். மூணு நாள்ல முதல் தடவையா!

காலையில புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைக் காட்டினான். உலகத்துலயே மேற்குத் தொடர்ச்சி மலையில மட்டும் இருக்கிற இனம். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கதை சொன்னான். ஹாஸ்டல்ல மூணு வருஷத்துல பேசினதைவிட அன்னிக்குப் பேசினது அதிகம்.

நீங்களும் போறீங்களா? சொந்த வண்டின்னா இ-பாஸ் விதியைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. குரங்குக்குத் தின்பண்டம் நீட்டாதீங்க. இருட்டினப்புறம் வெளியே சுத்தாதீங்க, சிறுத்தையும் உண்டு. முக்கியமா, நண்பனோட அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிட்டுப் போங்க.

திரும்பி வரும்போது 20வது வளைவுல சிக்னல் வந்து போன் அதிர்ந்தது. குரூப் பேரை யாரோ மாத்தியிருந்தாங்க. 'கோவா கன்ஃபர்ம்' போய், 'மறுபடி வாங்கடா'ன்னு இருந்தது. மாத்தினது வால்பாறை!

உங்க கேங்க்லயும் 'எங்க வீட்டுக்கு வேணாம்டா'ன்னு நெளியற ஒருத்தன் இருப்பான். கலாய்க்கிறதை நிறுத்திட்டு, இந்த லீவுல அவன்கிட்ட கொஞ்சம் பேசிப் பாருங்களேன்!