அட்வான்ஸ் பணம் யாருடையது?



விடியற்காலையில் போடியில் ஜீப் ஏறி, மெட்டு தாண்டி ஏலக்காய் எடுக்கப் போகிறவர் என் அம்மா. சீட்டுப் போட்டுச் சேர்த்த இருபதாயிரத்தை 2020இல் ஓர் ஓட்டு வீட்டுக்கு அட்வான்ஸாகக் கொடுத்தார். வாடகை மாதம் இரண்டாயிரம். எழுத்து எதுவும் கிடையாது. "நமக்குள்ள எதுக்கும்மா பேப்பரு?" என்றார் வீட்டுக்காரர்.

2024இல் காலி செய்தபோது வெள்ளையடிக்க, கதவுக்குப் பெயிண்ட் அடிக்க, வயரிங் மாற்ற என்று கழித்துக்கொண்டு எட்டாயிரத்தைக் கையில் வைத்தார். அம்மா எண்ணிப் பார்த்துவிட்டு, "சரிங்கய்யா" என்று வந்துவிட்டார். பக்கத்தில் நின்ற எனக்கும் ஒரு வார்த்தை பேசத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இதுகூடத் தெரியாமல் என்ன படிப்பு என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் சட்டத்தைத் தேடிப் படித்தேன்.

நம் மாநிலத்தில் வெகுகாலம் இருந்தது 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். அதை நீக்கிவிட்டு வந்ததுதான் சொத்து உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம். 22-2-2019 முதல் அமலில் இருக்கிறது.

இதன்படி, வேறு விதமாக ஒப்புக்கொண்டு எழுதாதவரை, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் கணக்கில் அது ஆறாயிரம். கொடுத்ததோ இருபது! காலி செய்த ஒரு மாதத்துக்குள், நம் பக்கத்துப் பாக்கியை மட்டும் கழித்துக்கொண்டு மீதியைத் தந்துவிட வேண்டும்.

எது நம் பாக்கி? சட்டத்தின் அட்டவணையிலேயே அது இருக்கிறது. மின்னியல் பிரிவு மாணவனான நான் அதை இரண்டு தடவை படித்தேன். சுவிட்ச், சாக்கெட் கெட்டால் குடியிருப்பவர் செலவு. வயரிங் மாற்றுவது வீட்டுக்காரர் செலவு. குழாய்க்கு வாஷர் நாம் போட வேண்டும், பைப்பையே மாற்றணும்னா அவர். வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னல் பெயிண்டும் அவர் பொறுப்பு. ஒப்பந்தத்தில் மாற்றி எழுதியிருந்தால்தான் இது மாறும். ஆக, அம்மாவிடம் கழித்த மூன்றுமே அம்மா தலையில் விழ வேண்டியவை அல்ல.

சண்டை வந்தால் தண்ணீரை நிறுத்துவது, கரண்டைப் பிடுங்குவது கூடாது. வாடகை அதிகாரியிடம் புகார் கொடுக்கலாம். இவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் சாமானை எடுத்து வெளியே வைக்கவும் முடியாது. ரிப்பேர் பார்க்க வீட்டுக்குள் வருவதானாலும் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரே ஒரு போர்ஷன் வாடகையில் மருந்து மாத்திரை வாங்குகிற பாட்டிகள் நம் தெருவிலும் உண்டு. இரண்டு மாத வாடகை பாக்கி வைத்தால் அவர்கள் நீதிமன்றம் போகலாம். குத்தகை முடிந்தும் காலி செய்யாமல் அடம்பிடித்தால் முதல் இரண்டு மாதம் இரண்டு மடங்கு, அதற்குப் பிறகு நான்கு மடங்கு வாடகை கேட்கலாம்.

ஆனால் இதற்கெல்லாம் கையில் எழுத்து வேண்டும். 'பதினொரு மாத அக்ரிமெண்ட்' என்கிற வழக்கம், ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிய வேண்டும் என்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்திலிருந்து தப்பிக்க வந்தது. இப்போது பதினொரு மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். எழுதாமல் இருப்பதே நம்மை வெளியேற்றக் காரணமாகிவிடலாம். அம்மா மாட்டிக்கொண்டது இங்கேதான்.

மேலே எஸ்டேட் லயத்தில் வளர்ந்த நண்பர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். வேலையோடு சேர்த்துக் கம்பெனி கொடுக்கிற வீட்டுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. வேலை போனால் வீடும் போகும் என்கிற பயம் அங்கே தீரவில்லை. போடிமெட்டு தாண்டினால் கேரளம். அங்கே வாடகைக்கு இருப்பவர்களுக்கு 1965ஆம் ஆண்டின் கேரளச் சட்டம்.

இப்போது வேறு வீட்டில் இருக்கிறோம். நானே ஒப்பந்தம் எழுதி, இரண்டு பிரதி எடுத்து, புது வீட்டுக்காரரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். "பார்த்துச் சொல்றேன் தம்பி" என்றார். மூன்று வாரம் ஆகிறது. வாடகையை மட்டும் ரசீது கேட்டு வாங்கி, அம்மா அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்து வருகிறார்.