தோண்டும் மண்ணும் அதன் ஸனதும்

அரபு மொழியில் தொல்லியலை 'இல்முல் ஆஸார்' என்பர். 'அஸர்' என்னும் சொல்லுக்குச் சுவடு என்பது பொருள். ஹதீஸ் கலையிலும் இச்சொல் வழங்குவதை நாம் அறிவோம். ஒரு செய்தியின் வாசகம் எத்துணை அழகாயிருப்பினும், அறிவித்தோரின் தொடராகிய ஸனது இல்லையேல் அறிஞர் பெருமக்கள் அதனை ஆதாரமாகக் கொள்வதில்லை. மண்ணில் கிடைக்கும் பொருளுக்கும் ஒரு ஸனது உண்டு. எந்த ஆழத்தில், எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அது.

1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் இராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவியைக் கண்டெடுத்தார். ஆய்வுக்கெனத் தோண்டிய குழியன்று அது. அவ்வாண்டே பூண்டிக்கு அருகிலுள்ள அத்திரம்பாக்கமும் அறியப்பட்டது. அங்கு 1999 முதல் அடுக்கடுக்காக அகழ்ந்ததாலேயே, அக்கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என 2011இல் நிறுவ முடிந்தது.

இங்கிலாந்தில் பழைய பண்ணைக் களஞ்சியங்களை வீடுகளாக மாற்றும்போது, அடித்தளம் தோண்டும் இடத்தில் தொல்லியலார் உடனிருப்பது வழக்கம். பற்களில்லாத வாளி கொண்டு மண்ணை மெல்லிய படலமாக அகற்றுவர். மண்ணின் நிறம் மாறினாலோ ஓடு தென்பட்டாலோ வேலையை நிறுத்தி, அளந்து, வரைந்து, படமெடுப்பர். இதற்கான செலவைக் கட்டுவோரே ஏற்கும் முறை 1990இல் வேரூன்றியது.

நம் நாட்டில், மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களைச் சுற்றி 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உள்ளன. மண்ணில் புதையுண்ட, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். முன்னது சின்னத்தையும் பின்னது பொருளையும் காக்கின்றன. அடுக்கைக் காப்பவை அல்ல.

பூவிருந்தவல்லியில் 1653இல் எழுந்த குத்புஷாஹி காலப் பள்ளிவாசலை ஊர் அறியும். ஆனால் அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தில் களத்துமேடும் தொழுவமும் நெற்களஞ்சியமும் குடியிருப்பாக மாறியபோது மண்ணுக்குள் என்ன போயிற்று என்பதை யார் அறிவார்? பொக்லைன் ஒரே நாளில் அள்ளிய அடுக்கை மீண்டும் அடுக்க இயலாது.

ஆகவே பழைய கட்டடத்தைப் பிரிப்போர் முதலில் அதைப் படமெடுத்து அளந்து வைக்கட்டும். பானை ஓடோ பழங்காசோ தென்பட்டால், அதைக் கையிலெடுக்குமுன் வேலையை நிறுத்தி, ஆழத்தைக் குறித்து, வட்டாட்சியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிக்கட்டும். எடுத்த பொருளை எந்நாளும் ஆராயலாம்; இழந்த ஸனதை எவராலும் மீட்டெடுக்க முடியாது.