வேக நடையும் கால் வருத்தங்களும்: காலுறையைத் தெரிந்தெடுப்பது எப்படி?

தோட்டமும் வயலும் கையில் இருந்த காலத்தில் எமது விவசாயிக்கு உடற்பயிற்சி என்ற சொல்லே தேவைப்படவில்லை. விடியற்புறம் இறைப்புக்குப் போனார், பாத்தி கட்டினார், வெங்காயம் கிண்டினார், பொழுதுபட வீடு திரும்பினார். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பிய குடும்பங்களும், 2009இல் வன்னியிலிருந்து செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்களும் நிலத்தோடு சேர்த்து இந்த உழைப்பையும் இழந்தன. சிலர் சொந்த ஊருக்குத் திரும்பிவிட்டனர். சிலர் இன்னமும் உறவினர் காணியிலும் வாடகை வீட்டிலும் நாட்களைக் கடத்துகின்றனர். உழைத்த உடல் சும்மா இருக்கத் தொடங்கியதும் சலரோகமும் இரத்த அழுத்தமும் பலரைத் தேடி வந்தன.

இவர்களுக்கு கிளினிக்கில் மருந்தோடு கிடைக்கும் புத்திமதி ஒன்று உண்டு: "ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் வேகமாக நடவுங்கோ." நல்ல புத்திமதி, காசு செலவில்லாதது. ஆனால் இரண்டு கிழமை நடந்தபின் பலர் நிறுத்திவிடுகின்றனர். காரணம் கேட்டால் காலைக் காட்டுகின்றனர்: கொப்புளம், குதிக்கால் நோ, விரலிடுக்கில் புண். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய விலை கூடிய சப்பாத்து வாசலில் கிடக்கிறது. சப்பாத்தைப் பற்றி யோசிக்கும் நாம், அதற்கும் தோலுக்கும் இடையில் இருக்கும் காலுறையைப் பற்றி யோசிப்பதில்லை. மேஸ் என்று நாம் சொல்லும் அந்தச் சிறு துணி நடையைத் தொடரவும் வைக்கும், நிறுத்தவும் வைக்கும். சலரோகக்காரர் ஒருவருக்கு அது காலையே காப்பாற்றவும் கூடும்.

வேக நடை என்றால் என்ன?

நடக்கும்போது பக்கத்தில் வருபவருடன் கதைக்க முடிய வேண்டும். ஆனால் பாட்டுப் பாட முடியாதபடி மூச்சு வாங்க வேண்டும். ஏறக்குறைய நிமிடத்துக்கு 100 அடி. வளர்ந்தவர்கள் கிழமைக்குக் குறைந்தது 150 நிமிடம் இவ்வகை உழைப்பில் ஈடுபட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதாவது 5 நாட்கள், நாளுக்கு 30 நிமிடம். நீண்டகாலம் நடக்காதவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

காலுறை செய்யும் வேலை

அரை மணி நேர வேக நடையில் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 1500 தடவை நிலத்தில் பதிகிறது. ஒவ்வொரு தடவையும் உள்ளே எலும்பு முன்னும் பின்னும் அசைகிறது. ஆனால் தோல் காலுறையோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. எலும்புக்கும் தோலுக்கும் இடையில் உள்ள படைகள் இழுபடுகின்றன. இழுபட்டு இழுபட்டுப் படைகள் பிரிந்த இடத்தில் நீர் சேர்கிறது. அதுவே கொப்புளம். வியர்வையால் நனைந்த தோல் காய்ந்த தோலைவிடக் கூடுதலாக ஒட்டும். ஆகவே நல்ல காலுறை மூன்று வேலைகளைச் செய்ய வேண்டும்: வியர்வையைத் தோலிலிருந்து அகற்ற வேண்டும், உராய்வைத் தான் ஏற்க வேண்டும், குதிக்காலுக்கும் விரல்களின் அடியில் உள்ள மேட்டுப் பகுதிக்கும் மெத்தை போல இருக்க வேண்டும்.

எந்தத் துணி?

பருத்திதான் எல்லாவற்றிலும் நல்லது என்பது எம்மவர் நம்பிக்கை. சேட்டுக்கும் சாரத்துக்கும் அது சரி. காலுறையில் பருத்தி வியர்வையை நன்றாக உறிஞ்சும். ஆனால் உறிஞ்சியதை விடாது. நனைந்த பருத்தி தொய்ந்து, சுருங்கி, தோலோடு தேய்க்கும். கால் மணி, அரை மணி நடைக்கு, கால் அதிகம் வியர்க்காதவருக்கு, சுத்தமான பருத்திக் காலுறை போதும். அதைவிட நீண்ட நடைக்குக் கலப்புத் துணி நல்லது.

பொலியெஸ்ரரும் அக்றிலிக்கும் தண்ணீரைத் தம்முள் வைத்திருப்பதில்லை. அதை வெளிப்புறம் கடத்திவிடும். நைலோன் தேய்மானத்தைத் தாங்கும். இலாஸ்தீன் அல்லது ஸ்பான்டெக்ஸ் என்று சிட்டையில் எழுதியிருப்பது இழுபடும் நூல். அது சிறிதளவு இருந்தால்தான் காலுறை காலோடு பொருந்தி நிற்கும். மலிவாகக் கட்டுக்கட்டாக விற்கப்படும் முழு நைலோன் காலுறை மெல்லியதாகவும் வழுக்கலாகவும் இருக்கும். அது வேக நடைக்கு உதவாது.

கம்பளி என்றதும் குளிர்நாட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடுகிறோம். மெரினோ என்னும் மெல்லிய கம்பளி அப்படியல்ல. தன் நிறையில் ஏறக்குறைய 30 வீதம் ஈரத்தை உறிஞ்சிய பின்னும் அது தோலுக்கு ஈரமாகத் தெரியாது, மணமும் குறைவு. வெளிநாட்டு உறவினர் என்ன அனுப்பட்டும் என்று கேட்டால், தடித்த பனிக்காலக் காலுறையைத் தவிர்த்து, மெல்லிய மெரினோ கலந்த நடைக் காலுறை இரண்டு சோடி கேட்கலாம்.

அளவும் தையலும்

காலுறை பெரிதானால் மடிப்பு விழும். ஒரு மடிப்பு ஒரு சிறு கல்லுக்குச் சமம். சிறிதானால் விரல்களை ஒன்றோடொன்று நெருக்கும். பின்னேரம் கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின் மேல் நின்று பாதத்தைப் பென்சிலால் வரையுங்கள். குதிக்காலிலிருந்து மிக நீண்ட விரல் நுனி வரை சென்ரிமீற்றரில் அளவெடுங்கள். இரு காலையும் அளந்து பெரிய அளவைக் கொள்ளுங்கள். இந்த அளவை உறவினருக்கு அனுப்பினால் போதும். ஐரோப்பாவில் காலுறையில் 39–42 என்பது போலச் சப்பாத்து இலக்கங்கள் இருக்கும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

கடையில் வாங்கும்போது கீழ்வருவனவற்றைக் கவனியுங்கள்.

1. காலுறையை உட்புறம் வெளியே திருப்பி, விரல் நுனித் தையலின் மேல் புறங்கையால் தடவிப் பாருங்கள். தையல் கயிறு போல் தடித்திருந்தால் வேண்டாம். வேறு கிடைக்காவிட்டால், தையல் வெளியே இருக்கும்படி மறுபக்கமாக அணியலாம். பார்வைக்கு அழகில்லை, காலுக்குச் சுகம்.

2. குதிக்கால் வைக்கும் இடம் தனியாகப் பின்னப்பட்டிருக்க வேண்டும். குழாய் போல நேராக இருக்கும் காலுறை சுழன்று மடியும்.

3. மேல் விளிம்பின் இலாஸ்ரிக்கை இழுத்துப் பாருங்கள். அகலமாகவும் மென்மையாகவும் இருக்க வேண்டும். நடந்து முடிந்து கழற்றும்போது காலைச் சுற்றி ஆழமான வளையம் பதிந்திருந்தால் அது இறுக்கம். விளிம்பைக் கீழே மடித்துவிடுவதால் இறுக்கம் குறையாது, இரட்டிக்கும். தொய்ந்த காலுறையை றப்பர் வளையம் போட்டு நிறுத்தவே கூடாது.

4. வெள்ளை அல்லது வெளிர் நிறமே நல்லது. இரத்தமோ நீரோ கசிந்தால் அதில் உடனே தெரியும்.

வருத்தத்துக்கு ஏற்ற காலுறை

சலரோகம்: நீண்டகாலச் சலரோகம் கால் நரம்புகளைப் பாதிக்கும். நோ தெரியாது. நோ இல்லாதது நல்லதுதானே என்று சிலர் எண்ணுகின்றனர். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. முள் ஏறினாலும், மடிப்பு உராய்ந்தாலும் அவர் நிறுத்தாமல் நடப்பார். புண் உண்டாகும், கிருமி பிடிக்கும், விரலை அல்லது காலை எடுக்க வேண்டிய நிலை வரும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர வைத்தியசாலையில் உருவாக்கப்பட்டது. நோயாளி கண்களை மூடிக்கொள்ள, வீட்டில் ஒருவர் தம் சுட்டுவிரல் நுனியால் அவருடைய ஒவ்வொரு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. ஒரு தொடுகை ஒன்று அல்லது இரண்டு விநாடி. தொட்டது தெரிந்தால் அவர் சொல்ல வேண்டும். ஆறு இடங்களில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் தெரியாவிட்டால் உணர்ச்சி குறைந்திருக்கிறது என்று பொருள். அவர் வேக நடையைத் தொடங்குமுன் கிளினிக்கில் காலைக் காட்ட வேண்டும்.

இவர்களுக்குத் தடித்த தையல் இல்லாத, இறுக்கம் இல்லாத, அடியில் மெத்தையுள்ள வெளிர்நிறக் காலுறையே பொருந்தும். ஓட்டை விழுந்த காலுறையும், தைத்து ஒட்டுப்போட்ட காலுறையும் இவர்களுக்குக் கூடாது. சிக்கனம் நல்ல பழக்கம்தான். ஆனால் ஒட்டுப்போட்ட இடம் உராய்ந்து உண்டாகும் புண்ணுக்குச் செலவாகும் பணம் பல சோடிக் காலுறை வாங்கப் போதும்.

கால் வீக்கம்: இரு கால்களும் வீங்கினால் இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி நோவெடுத்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். நாள நோய்க்கென விற்கப்படும் இறுக்கக் காலுறையை டாக்குத்தரின் சொல் இன்றி வாங்கி அணிய வேண்டாம். இரத்தம் இறங்குவது ஏற்கெனவே குறைந்த காலுக்கு அது தீமை செய்யும்.

குதிக்கால் நோ: காலையில் முதல் அடி வைக்கும்போது குத்தும் நோவுக்குக் குதியில் தடித்த காலுறை ஆறுதல் தரும், மாற்றித் தராது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நடப்பதைக் குறைத்து, சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும்.

கால் ஆணி: இடைவிடாத அழுத்தத்துக்குத் தோல் கொடுக்கும் பதில் இது. முன்பகுதி அகலமான சப்பாத்தும் மெத்தைக் காலுறையும் அழுத்தத்தைக் குறைக்கும். பிளேட்டால் வெட்ட வேண்டாம். சலரோகக்காரர் பாமசியில் விற்கும் ஆணி பிளாஸ்ரரையும் தொடக்கூடாது. அதில் உள்ள அமிலம் நல்ல தோலையும் அரிக்கும்.

சேற்றுப்புண்: இது ஈரத்தில் வளரும் பூஞ்சணம். பருத்தியைவிட ஈரத்தைக் கடத்தும் கலப்புத் துணி நல்லது. விரல்களைத் தனித்தனியே மூடும் ஐவிரல் காலுறை கிடைத்தால் இன்னும் நல்லது. ஒருவரின் காலுறையை வேறொருவர் அணியக் கூடாது.

செயற்கைக்கால்: கண்ணிவெடியாலும் எறிகணையாலும் காலை இழந்தோர் எம் மத்தியில் பலர். எஞ்சிய காலுக்கு அணிவது வேறு வகைக் காலுறை. விளையாட்டுக் காலுறையை வெட்டி அணிவது புண்ணை உண்டாக்கும். நடக்க நடக்க எஞ்சிய கால் சற்று மெலியும். அப்போது கிண்ணம் தளர்ந்தால் மேலும் ஒரு மெல்லிய உறை சேர்க்க வேண்டும். அவற்றைக் கால் பொருத்திய நிலையத்தில் கேட்டுப் பெறுங்கள்.

காலுறையும் சப்பாத்தும்

காலுறையை அணிந்துகொண்டே சப்பாத்தைப் போட்டுப் பாருங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகல இடம் இருக்க வேண்டும். சப்பாத்து ஏற்கெனவே இறுக்கம் என்றால் தடித்த காலுறை அதை மேலும் கெடுக்கும். பாட்டாச் செருப்பில் காலுறை பொருந்தாது. வாருக்கு இடையில் துணி திரண்டு புண்ணாக்கும். சப்பாத்து இல்லாதவர் பின்வார் உள்ள செருப்போடு மெல்லிய காலுறை அணியலாம். மெட்டி அணியும் தாய்மார் நடைக்கு முன் அதைக் கழற்றி வைப்பது நல்லது; காலுறைக்குள் அது பக்கத்து விரலை அழுத்தும்.

நாளாந்தப் பராமரிப்பு

நடக்குமுன் காலைக் கழுவி, விரலிடுக்குகளை நன்றாகத் துடையுங்கள். குதி வெடிப்புக்குத் தேங்காய் எண்ணெய் பூசலாம். விரலிடுக்கில் பூச வேண்டாம். சப்பாத்தைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். நெரிஞ்சி முள்ளும் சிறு கல்லும் அங்கேதான் ஒளிந்திருக்கும். நடந்து வந்தபின் உள்ளங்காலைப் பாருங்கள். குனிய முடியாதவர் நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். கண் பார்வை குறைந்தவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லட்டும். சிவந்த இடம் அடுத்த நாளும் சிவந்தே இருந்தால் நடையை நிறுத்திக் காட்டுங்கள்.

ஒவ்வொருவருக்கும் மூன்று சோடி போதும்: ஒன்று காலில், ஒன்று கொடியில், ஒன்று பெட்டியில். ஒருநாள் அணிந்ததைத் துவைக்காமல் மறுநாள் அணிய வேண்டாம். உட்புறம் வெளியே திருப்பிச் சவுக்காரம் போட்டுக் கழுவி, நுரை போக அலசி, வெயிலில் முற்றாகக் காயவிடுங்கள். தங்கிய சவுக்காரம் தோலைக் கடிக்கும்.

நேர்த்தி நடை

ஆடி, ஆவணியில் மடு அன்னையிடம் கால்நடையாகச் செல்வோர் பலர். கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் எமது இந்துச் சகோதரர்களும் உளர். வெறுங்காலோடு நடப்பதாக நேர்ந்துகொள்வோரின் பக்தியை நாம் மதிக்கிறோம். எனினும் காலில் உணர்ச்சி குறைந்தவர் தார் வீதியில் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சூடு பட்டுத் தோல் உரிந்தாலும் அவருக்குத் தெரியாது. பெரிய வியாழன் இரவில் சீடர்களின் கால்களைக் கழுவித் துடைத்த ஆண்டவர், அவற்றில் புண்ணைக் காணிக்கையாகக் கேட்பவர் அல்ல. அப்படிப்பட்டவர் தம் பங்குக் குருவிடமோ ஆலயப் பெரியவரிடமோ பேசி, நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றலாம்.

நாம் செய்யக்கூடியது

மாதர் சங்கமும் கமக்காரர் அமைப்பும் இதை ஒரு பின்னேர வேலையாக எடுத்துக்கொள்ளலாம். கிராமத்தில் சலரோகம் உள்ளவர்களை ஓரிடத்துக்கு அழைத்து, மேலே சொன்ன தொடுகைச் சோதனையைச் செய்து, உணர்ச்சி குறைந்தோரின் பெயர்களை எழுதிக் குடும்ப நல உத்தியோகத்தரிடம் அல்லது கிளினிக்கில் கொடுங்கள். காலுறைகளை மொத்த விலைக்கு ஒன்றாக வாங்கிப் பங்கிட்டால் செலவும் குறையும். நால்வர் ஐவராகச் சேர்ந்து நடந்தால் நடையும் நிலைக்கும்.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கி நடந்த கால்கள் இவை. அன்று எதை அணிந்தோம் என்று பார்க்க நேரம் இருக்கவில்லை. இன்று நேரம் இருக்கிறது. காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதில் இறங்கி வேலை செய்யவும் இந்தக் கால்களே வேண்டும். ஆகவே இன்று பின்னேரமே காலை அளந்து, பெட்டியில் உள்ள காலுறைகளை எடுத்து, மேலே சொன்னபடி ஒவ்வொன்றாகப் பார்த்து, ஆகாதவற்றை விலக்கி வையுங்கள்.