பிரஜா உரிமைக்கு எத்தனை வருஷம்?

ஒரு தேசத்தில் வந்து குடியேறி, அங்கேயே உழைத்து, அங்கேயே மக்களைப் பெற்று வளர்த்து, அத்தேசத்தின் சட்டங்களுக்கு அடங்கி வாழும் ஒருவன் எத்தனை வருஷத்தில் அதன் பிரஜையாகிறான்? இக்கேள்வி இன்று சென்னைக்கு மேற்கேயுள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் இரண்டு விதமான வீடுகளிலிருந்து எழுகின்றது. எச்-1பி அனுமதியின்பேரில் அமெரிக்கா சென்று வேலை பார்க்கும் மகனுக்காகப் பெற்றோர் கேட்கின்றனர். அம்பத்தூருக்குச் சமீபமாகப் புழல் காவாங்கரை முகாமில் வாழும் இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் தமக்காகவே கேட்கின்றன. முன்னவன் விரும்பினால் திரும்பிவர அம்பத்தூர் இருக்கின்றது. பின்னவர்களின் பிள்ளைகளோ முகாமைத் தவிர வேறு ஊரைக் கண்டதில்லை.

பல தேசங்களின் சட்டங்களைப் பார்த்தால் விடை எளிதாகத் தோன்றும். அமெரிக்காவில் நிரந்தரவாசி என்ற பச்சை அட்டை பெற்று 5 வருஷம் வசித்தவன் பிரஜா உரிமை கோரலாம். கனடாவில், மனுச் செய்வதற்கு முந்திய 5 வருஷங்களில் 1,095 நாட்கள் அங்கிருந்தாற் போதும். ஜெர்மனியில் 8 வருஷமாக இருந்ததை 2024ஆம் வருஷத்தில் 5 ஆகக் குறைத்தார்கள். நமது தேசத்தில் ஓர் அன்னியன் பிரஜையாவதற்கு மொத்தம் 12 வருஷ வாசம் தேவை. மனுவுக்கு முந்திய 12 மாதம் இடைவிடாமலும், அதற்கு முந்திய 14 வருஷங்களில் 11 வருஷமும் அவன் இங்கே இருந்திருக்க வேண்டும். இந்திய வம்சாவளியினராகச் சட்டம் கருதுவோர் பதிவு செய்துகொள்ள 7 வருஷம் போதும்.

ஆனால் இந்த எண்களை மட்டும் பார்ப்பவர் ஏமாந்து போவார். எத்தனை வருஷம் என்பதைவிட, எந்த நாளை முதல் நாளாகக் கொண்டு எண்ணுவது என்பதே பெரிய கேள்வி. அமெரிக்காவிலுள்ள நம் இளைஞன் அங்கே பத்து வருஷம் வரி செலுத்தியிருக்கலாம். பச்சை அட்டை கைக்கு வரும் வரையில் அவனுடைய 5 வருஷக் கணக்கு தொடங்குவதே இல்லை. தொழிலை ஆதாரமாகக் கொண்ட அட்டைகளில் எந்தவொரு தேசத்தாருக்கும் பொதுவாக நூற்றுக்கு 7 என்று அங்கே வரம்பு கட்டியிருப்பதால், ஜனத்தொகை மிகுந்த இந்தியாவினர் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். ஆயினும் அது வரிசை, மெதுவாயினும் நகர்வது. நம் அண்டையிலுள்ள முகாம்வாசிகளுக்கு அந்த வரிசையே இல்லை.

இக்கதையின் ஆரம்பத்தைக் காண இலங்கைத் தேயிலை மலைகளுக்குச் செல்லவேண்டும். பிரிட்டிஷ் துரைமார்களின் தோட்டங்களுக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியார், 1947 பொதுத்தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பார்லிமெண்டுக்கு அனுப்பினார்கள். மறு வருஷமே, 1948ஆம் வருஷத்து 18ஆம் நம்பர் பிரஜா உரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கிற்று. பின்னர் வந்த 1949ஆம் வருஷத்து இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் சட்டம், வருஷத்தை எண்ணிப் பிரஜா உரிமை அளிப்பதாகக் கூறியது. விவாகமானவருக்கு 7 வருஷம், ஆகாதவருக்கு 10 வருஷம், 1946 ஜனவரி 1ஆந் தேதிக்கு முன் இடைவிடாது வசித்திருக்க வேண்டும்; மனுச் செய்யும் நாள் வரை அவ்வாசம் தொடர்ந்திருக்கவும் வேண்டும். மனுக்கொடுக்க 2 வருஷம் தவணை.

கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். மூன்று தலைமுறையாக வாழ்பவனுக்கு 10 வருஷத்தை நிரூபிப்பது என்ன பிரமாதம் என்றும் தோன்றும். தோட்டத்து லயத்தில் பிறந்தவனிடம் ஜனன தாக்கல் ஏது? தாய் தந்தையரைப் பார்க்கவோ, கொள்வினை கொடுப்பினைக்காகவோ தமிழ்நாடு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் தங்கிவிட்டவனுடைய வாசம் அறுந்துபோயிற்று. 1953ஆம் வருஷம் லண்டன் பிரிவி கவுன்ஸிலும் அச்சட்டங்கள் செல்லத்தக்கவை என்று தீர்த்துவிட்டது. 1964 வரையில் அச்சட்டத்தின்கீழ்ப் பிரஜைகளானவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. நாடற்றவராய் நின்றவரோ 9,75,000 பேர்.

அவ்வருஷம் அக்டோபர் 30ஆந் தேதி லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இந்த 9,75,000 பேரும் பங்கு போடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவதென ஒத்திவைத்து, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். நீ எந்தத் தேசத்தான் என்று அம்மக்களைக் கேட்டவர் யாருமில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை பிறந்ததும் அதே 1964ஆம் வருஷத்தில்தான் என்பதை நினைக்கையில் மனம் ஒருவாறு கசக்கின்றது. இங்கே உழைப்புக்கு இடம் வகுத்துக்கொண்டிருந்த காலத்தில், அங்கே உழைத்தவர்களுக்கு இடமில்லையென்று கணக்குத் தீர்க்கப்பட்டது.

இனி இதன் கொடுமையான பகுதியைக் கவனியுங்கள். ஒப்பந்தப்படி இந்தியப் பாஸ்போர்ட்டுடன் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேசுவரம் வந்திறங்கியவர் இந்தியப் பிரஜை. அவருக்கு நீலகிரியில் அரசாங்கத் தேயிலைத் தோட்டத்தில் வேலையும் கிடைத்தது. அதே மலையில், அதே லயத்தில் பிறந்த வேறொருவர், 1977இலும் 1983இலும் நடந்த கலவரங்களில் வீடிழந்து வவுனியாப் பக்கம் ஓடி, அங்கிருந்து தோணியேறி நமது கரையில் இறங்கினார். இவரும் தமிழ்நாட்டின் பூர்வீகக் குடியே. இவரிடம் பாஸ்போர்ட் இல்லை. ஆதலால் இவர் சட்டவிரோதக் குடியேறி! கப்பலில் வந்தவர் பிரஜை, தோணியில் வந்தவர் குற்றவாளி என்று கூறும் நீதியை என்னவென்று சொல்வது?

நமது பிரஜா உரிமைச் சட்டம் தொடக்கத்தில் இவ்வளவு கடுமையாக இருக்கவில்லை. 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிஸ பாணிச் சமுதாயமே நமது இலட்சியம் என்று தீர்மானித்தது. அவ்வருஷம் டிசம்பர் 30ஆந் தேதி அச்சட்டம் பிறந்தது. அப்போது இந்திய வம்சாவளியினர் 6 மாதம் இங்கே வசித்தாலே பதிவு செய்துகொள்ளலாம். 1986இல் அது 5 வருஷமாயிற்று. 2003ஆம் வருஷத்துத் திருத்தம் அதை 7 வருஷமாக்கியது. வருஷம் கூடியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அத்திருத்தம் செய்த பெரிய காரியம் வேறு. செல்லத்தக்க பாஸ்போர்ட்டோ பிரயாண தஸ்தாவேஜோ இல்லாமல் வந்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்று வகுத்து, அவர் பதிவு மூலமாகவும் பிரஜையாகலாகாது, வாச காலம் காட்டியும் பிரஜையாகலாகாது என்று இரு கதவுகளையும் அது சாத்திவிட்டது.

பிறப்பு என்னும் மூன்றாவது கதவும் படிப்படியாகச் சாத்தப்பட்டது. 1987 ஜூலை 1ஆந் தேதிக்கு முன் இம்மண்ணில் பிறந்த குழந்தை, பிறந்ததனாலேயே பிரஜை. அத்தேதிக்குப் பின் பிறந்ததற்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாயிருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்ததற்கு அதுவும் போதாது. மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. ஒரே முகாமில், ஒரே தாயின் வயிற்றில், 1986இல் பிறந்த அண்ணன் இந்தியப் பிரஜை; 1988இல் பிறந்த தம்பி அன்னியன். இப்படியோர் குடும்பத்தைக் கற்பனைக் கதையில் எழுதினாலும் நேயர்கள் நம்பமாட்டார்கள்!

அதே 1983ஆம் வருஷத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வேறு திசை சென்றவர்களின் கதியென்ன? அங்கே பிறந்து, அவ்வருஷம் சிறுவனாகத் தாயுடன் கனடா போய்ச் சேர்ந்த ஹரி ஆனந்தசங்கரி, 2015இல் அந்நாட்டுப் பார்லிமெண்டு அங்கத்தினரானார், 2023இல் மந்திரியுமானார். கனடாச் சட்டம், நிரந்தரவாசியாவதற்கு முன் ஒருவர் அங்கீகாரத்துடன் அங்கு கழித்த நாட்களையும் நாளொன்றுக்கு அரை நாளாக, ஒரு வருஷ அளவு வரையில் கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. கடல்கடந்து வெகுதூரத்திலுள்ள பனிநாடு அவர்களை மந்திரியாக்கிற்று. பாக் ஜலசந்திக்கு இக்கரையிலுள்ள, பாஷையாலும் இரத்தத்தாலும் சொந்தமான நாடு, அவர்களை நாற்பது வருஷத்துக்கு மேலாக முகாம் பதிவேட்டில் எண்ணிக்கொண்டிருக்கிறது. இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருக்கின்றனர். 2021இல் மாகாண சர்க்கார் முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட புதிய வீடுகள் கட்ட முன்வந்தது மெச்சத்தக்கதே. ஆனால் வீடு மாகாண சர்க்கார் தரக்கூடியது. பிரஜா உரிமை மத்திய சர்க்கார் மட்டுமே தரக்கூடியது.

நியாயஸ்தலங்கள் என்ன செய்தன? 2019 ஜூன் 17ஆந் தேதி, சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளையில் ஜஸ்டிஸ் ஜி. ஆர். சுவாமிநாதன், மலையகத் தமிழர் 65 பேரின் வழக்கில், அவர்களுடைய மனுக்களை மத்திய சர்க்கார் 16 வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டுமென்று உத்தரவிட்டார். அவர்களது பூர்வீகத்தைக் கருதி, விதிகளைத் தளர்த்தும் அதிகாரம் சர்க்காருக்கு உண்டென்றும் எடுத்துக்காட்டினார். அவ்வருஷம் டிசம்பரில் பார்லிமெண்டு பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்திற்று. பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31ஆந் தேதிக்குள் வந்த ஆறு மதத்தினரைச் சட்டவிரோதக் குடியேறிகளாகக் கருதலாகாது என்றும், அவர்களுக்கு 5 வருஷ வாசம் போதுமென்றும் அது விதித்தது. அவர்கள் வந்த நாளிலிருந்தே பிரஜைகளாகக் கருதப்படுவர் என்றும் கூறிற்று. முஸ்லிம்களை விலக்கிய அச்சட்டத்தின் குணதோஷம் தனியே விவாதிக்கத்தக்கது. நமக்கு இங்கே வேண்டியது ஒன்றே. முதல் நாளைப் பின்னோக்கி நகர்த்தப் பார்லிமெண்டுக்கு அதிகாரமும் உண்டு, மனமிருந்தால் மார்க்கமும் உண்டு என்பது ருசுவாகிவிட்டது. இலங்கை அதன் ஜாபிதாவில் இடம்பெறவில்லை.

2025 செப்டம்பரில் மத்திய சர்க்கார், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா சம்பந்தமான தண்டனை விதிகளிலிருந்து விலக்கி உத்தரவிட்டது. சிறைப்பயம் நீங்கியது நன்மையே. ஆயினும் பிரஜா உரிமைச் சட்டத்தின் வாசகத்தை அவ்வுத்தரவு மாற்றவில்லை.

இவ்விஷயத்தில் எதிர்வாதம் கூறுவோரும் உளர். உலகத்தார் யாவரும் வந்து தங்குவதற்கு இந்தியா தர்மசத்திரமல்ல என்ற கருத்து 2025 மே மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டிலேயே ஒரு வழக்கில் வெளியிடப்பட்டது. எந்த இராஜ்யமும் தன் வாசலைத் தானே காக்கவேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் முகாம்வாசிகள் இன்று வாசலில் நிற்பவர்கள் அல்லர். சர்க்காரே பதிவு செய்து, சர்க்காரே அரிசியும் உதவிப் பணமும் அளித்து, சர்க்காரே பள்ளிக்கூடத்தில் சேர்த்து, இரண்டு தலைமுறையாக வீட்டுக்குள் வைத்திருப்பவர்கள். ஒருவனை நாற்பது வருஷம் உள்ளே இருத்திக்கொண்டு, நீ இன்னும் வாசற்படி மிதிக்கவில்லை என்று சொல்வது எந்த நியாய சாஸ்திரத்திலும் இல்லை.

இலங்கைக்கே திரும்ப விரும்புவோரும் முகாம்களில் உண்டு. அவர்களுடைய சொந்த மண்ணின் உரிமையை நாம் பறிக்கக் கோரவில்லை. இலங்கை 2003இல் ஒரு சட்டம் செய்து, 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிரந்தரமாய் வசித்த இந்திய வம்சாவளியினரும் அவர்கள் சந்ததியாரும் ஒரு பிரகடனம் செய்தாலே பிரஜைகளாகலாம் என்றது. 1948இல் செய்த பிழையைத் திருத்த 55 வருஷம் பிடித்தது என்றாலும், திருத்தம் ஒரு தாளில் முடிந்தது. போகிறவர் போக, இருக்க விரும்புகிறவர் இருக்க, இருவருக்கும் தெரிவுரிமை வேண்டும் என்பதே நமது கோரிக்கை.

ஆகவே பார்லிமெண்டு செய்யவேண்டியது இரண்டே காரியம். முகாமிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ பதிவு பெற்றுள்ள இலங்கைத் தமிழர்களைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வகுப்பிலிருந்து நீக்கவேண்டும். அப்பதிவு நாளையே வாசத்தின் முதல் நாளாகக் கொள்ளவேண்டும். அதன்பின் 7 வருஷமோ 12 வருஷமோ, சட்டம் எத்தனை கேட்டாலும் கேட்கட்டும். அவர்கள் அதற்குமேல் கணக்குக் காட்டுவார்கள்.

இது தானாக நடவாது. தேசத் தொண்டில் ஈடுபட்ட வாலிபர்களும் வக்கீல் நண்பர்களும் தத்தம் சமீபத்திலுள்ள முகாமுக்குச் செல்லவேண்டும். 1987 ஜூலைக்கு முன் பிறந்தவர்களுக்குப் பிறப்பாலேயே உள்ள உரிமையை எடுத்துச் சொல்லி, ஜனனப் பதிவைத் தேடித்தர வேண்டும். தாத்தா பாட்டியின் இந்திய ஊர்ப்பெயர் எழுதிய பழைய தோட்டத் துண்டுகளையும் பாஸ்போர்ட்டுகளையும் கரையான் அரிக்குமுன் பிரதி எடுத்துவைக்க வேண்டும். தொகுதி எம்.பி.யை ஒவ்வொரு கூட்டத்திலும் இது விஷயமாக வாய்திறக்கச் செய்யவேண்டும். தென்னாப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இந்தியரின் பிரஜா உரிமைக்காக ஒரு காலத்தில் நாம் குரல் கொடுத்தோம். 1939இல் பண்டித நேரு இலங்கை சென்றது அங்கிருந்த இந்தியத் தொழிலாளரின் மானத்துக்காகவே. அன்று அன்னிய சர்க்கார்களிடம் கேட்ட நீதியை, இன்று நம்முடைய சொந்த சர்க்காரிடம் கேட்க நமக்கென்ன தயக்கம்?