பாட்டு டீச்சரும் படிக்கணும்

ஊருக்கு ஊர் பாட்டு டீச்சர் இருக்கிறார். பெரும்பாலும் நம்மைப் போல ஒரு குடும்பத் தலைவிதான். கல்யாணத்துக்கு முன் கற்ற சரளி வரிசை, அலங்காரம், கீதம், நாலைந்து வர்ணம். அதையே வருஷக்கணக்காகச் சொல்லித் தருவார். பாவம், அவருக்குப் புதிதாக யார் சொல்லித் தருவது?

பாடத் தெரிவது வேறு, சொல்லித்தரத் தெரிவது வேறு. சென்னை மியூசிக் அகாடமி 1931-லேயே சங்கீத ஆசிரியர்களுக்கென்று தனிக் கல்லூரி தொடங்கியது. டைகர் வரதாச்சாரியார் அதற்கு முதல்வராக இருந்தார்.

ஆனைமலையில் அடுப்பையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டுச் சென்னைக்கு ஓட முடியுமா? வேண்டியதில்லை. நம் கொங்குச் சீமையின் வள்ளி கும்மி இருக்கிறதே! ஆண்களே ஆடி வந்த இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த கோவை பத்ரப்பனுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. டீச்சரம்மா நாலு நாள் கும்மிப் பயிற்சிக்குப் போய்வரட்டும். தொடையில் தட்டி வராத தாளம், காலெடுத்து வைத்தால் குழந்தைக்கு வந்துவிடும்.

இன்னொன்று. ஆளுக்கொரு தாலாட்டை அம்மாயியிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். அதை டீச்சர் ஸ்வரப்படுத்தி எழுதட்டும். அவருக்குத்தான் அது பெரிய பரீட்சை! ஹங்கேரியில் கோடாய் என்ற இசை மேதை கிராமத்துப் பாட்டுகளைச் சேகரித்து, அவற்றையே பாடமாக்கினார்.

"கீதம் எப்போ முடியும்?" என்று நச்சரிக்கும் தாய்மார்களே, கொஞ்சம் பொறுங்கள். டீச்சர் கற்கப் போகிற வாரம் வகுப்பு இல்லையென்று சம்பளத்தைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.