ரப்பர் இல்லாத பந்து

1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 21-ஆம் தேதி அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், முந்திய ஆண்டு உலகத் தொடரை வென்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியும் உள்ளூர் ரெட்ஸ் அணியும் ஆடிய பேஸ்பால் ஆட்டம், வழக்கமான ஒன்பது இன்னிங்ஸிலும் இரு தரப்பாரும் ஓர் ஓட்டம்கூட எடுக்காமையால், பதினொன்றாவது இன்னிங்ஸ் வரை நீண்டு, ஒற்றை ஓட்டத்தில் ரெட்ஸின் வெற்றியாக முடிந்தது. பந்து வீசிய ஜானி வாண்டர் மீரும் மார்ட் கூப்பரும் மகா சமர்த்தர்களே. ஆயினும் அந்தப் பருவத்தின் முதல் 29 ஆட்டங்களில் 11 ஆட்டங்களில் ஏதேனும் ஓர் அணி ஓட்டமின்றியே தோற்றதென்றால், காரணத்தைப் பந்தின் கர்ப்பத்திலேயே தேட வேண்டும்.

பேஸ்பால் பந்தின் நடுவே தக்கை, அதைச் சூழ ரப்பர், அதன்மேல் இறுகச் சுற்றிய கம்பளி நூல், மேலே தோல். மட்டை படும் கணத்தில் நசுங்கும் பந்து பழைய உருவுக்கு மீளும் வேகமே அதை வெகுதூரம் அனுப்புகிறது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டங்கள் ஜப்பானியர் வசமாகிவிடவே, கையிருப்பு ரப்பர் பெரும்பாலும் யுத்தத் தேவைகளுக்கே ஒதுக்கப்பட்டது. பந்துக்குக் கிடைத்தது தென்னமெரிக்க மரமொன்றின் பாலிலிருந்து வரும் பலாட்டா.

இயற்கையின் விசித்திரம் இங்கேதான் இருக்கிறது. ரப்பர், பலாட்டா இரண்டுமே ஐசோப்ரீன் என்னும் ஒரே கண்ணியைக் கோத்த நீண்ட சங்கிலிகள். அணுக்களின் விகிதத்தில் அணுவளவும் பேதமில்லை. ரப்பரில் சங்கிலி ஒவ்வோர் இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடர்கிறது. பலாட்டாவில் எதிரெதிர்ப் பக்கமாக. இந்தச் சிறு மாற்றத்தால் பலாட்டாவின் சங்கிலிகள், வெள்ளகோவில் விசைத்தறியில் ஏற்றிய பாவு நூல்போல, நெருங்கி வரிசையாகப் படிந்து இறுகிவிடுகின்றன. ரப்பரின் சங்கிலிகளோ ஒழுங்கின்றிச் சுருண்டு, வெப்பத்தால் சதா அசைந்தபடியே இருந்து, இழுத்து நேராக்கினாலும் விட்டவுடன் பழைய சுருளுக்கே திரும்புகின்றன. நியூயார்க் கூப்பர் யூனியன் கல்லூரியின் சோதனையில் புதிய பந்தின் மீள்சக்தி ஏறத்தாழக் கால் பங்கு குறைந்திருந்தது.

பழி முழுவதும் பலாட்டாவைச் சேர்ந்ததன்று. பந்தைத் தயாரித்த ஸ்பால்டிங் கம்பெனியார் ஆராய்ந்தபோது, கம்பளி நூலடுக்குகளுக்கிடையே பூசிய மட்டமான ரப்பர்ப் பசை இறுகிவிட்டதைக் கண்டார்கள். நூலோடு வாழும் நம் பிரதேசத்தார் இதை எளிதில் உணர்வார்கள்: சுற்றிய நூலுக்கும் தனக்கென ஒரு துள்ளல் உண்டு; இழைகளைப் பசை கட்டிப்போட்டால் அதுவும் போய்விடும்.

பந்துக்குக் கிடைக்காமற்போன ரப்பரை மலாயாவில் விடியற்காலையில் மரத்துக்கு மரம் சென்று பால் வெட்டி எடுத்தவர்களில் பலர் தமிழர்கள் என்பதை, பேஸ்பால் சரித்திரம் எழுதுவோர் நினைப்பதாகத் தெரியவில்லை. நாம் நினைக்க வேண்டும். சின்சினாட்டியில் பந்து துள்ளவில்லையே என்று ஜனங்கள் அங்கலாய்த்த அதே 1943-இல், அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, காலராவிலும் பட்டினியிலும் மாண்டுகொண்டிருந்தார்கள்.

பழைய பந்துகளின் மிச்சத்தைக் கொண்டு சில நாட்கள் சமாளித்தபின், பசையைத் திருத்திய பந்துகள் வந்து சேர்ந்தன, ஓட்டங்களும் திரும்பின. மறு ஆண்டு பலாட்டாவின் இடத்தைச் செயற்கை ரப்பர் பிடித்துக்கொண்டது.